உப்புக்காற்றிலும் கட்டியாகாத காந்தக் கோடுகள்

சட்டக் காந்தத்தின் மேல் அட்டையை வைத்து இரும்புத்தூளைத் தூவினால் கோடுகள் தெரியும் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். கடலூரிலோ புதுச்சேரியிலோ செய்து பார்த்தால் பல சமயம் தூள் திட்டுத்திட்டாகக் கிடக்கும். உப்புக்காற்றில் துருவேறித் துகள்கள் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். ஆகவே முதலில் தூளைக் கவனியுங்கள்.

கிரில் பட்டறையில் அரத்தால் ராவிய தூளைக் கேட்டு வாங்குங்கள். சாவி வெட்டும் கடைத் தூள் பெரும்பாலும் பித்தளை, காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டுத் தூளின் மேல் தடவி, வேறொரு தாளுக்கு மேலே பிடித்துக் காந்தத்தை உருவினால் இரும்பு மட்டும் கொட்டும். வெயிலில் காயவைத்து இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

ராவுதூள் கிடைக்காவிட்டால் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. அலை ஒதுக்கும் கறுப்பு மணலில் மேக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் கனிமம் உண்டு. அதே பையால் ஒரு கைப்பிடி எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவையுங்கள். மேக்னடைட் ஏற்கெனவே இரும்பு ஆக்சைடு என்பதால் துருவேறிக் கட்டியாகாது. மணிகள் உருண்டையாக இருப்பதால் கோடு சற்றுத் தடிமனாக விழும்.

காந்தத்தின் இரு பக்கமும் அதே உயரத்துக்கு நோட்டுகளை அடுக்கி, மேலே ஏ4 வெள்ளை அட்டையைத் தொய்வில்லாமல் வையுங்கள். அரைத் தேக்கரண்டித் தூளைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து உலுக்குங்கள். பிள்ளைகளை வாயால் ஊத விடாதீர்கள், கண்ணில் விழும்.

படம் முதலில் மங்கலாகத்தான் இருக்கும். அட்டையின் ஓரத்தைப் பென்சிலால் நாலைந்து முறை மெதுவாகத் தட்டுங்கள். ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமாகியிருந்தாலும் அட்டையின் உராய்வு அதைத் திரும்ப விடாது. தட்டும்போது ஒரு கணம் எம்பி, காந்தப் புலத்தின் (காந்தத்தின் விசை எட்டும் பகுதியின்) கோட்டுக்கு நேராகத் திரும்பி, முன்னே இருக்கும் துகளின் வாலைப் பிடித்துக்கொள்ளும். முனைகளில் தூள் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நிற்கும். அதிகம் தட்டினால் எல்லாம் முனைக்கே ஓடிவிடும். ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய, மிக வலுவான நியோடிமியக் காந்தம் வேண்டாம். தட்டும் முன்பே தூளைக் குவித்துவிடும்.

கோடுகளுக்கு நடுவே புலம் இல்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். தூளைத் திரட்டி மறுபடி தூவுங்கள்: கோடுகள் வேறு இடத்தில் விழும், வடிவம் மாறாது. இதற்காகவே சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும். புலம் எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்பதைத் தூள் சொல்லாது. சின்னத் திசைகாட்டியை அட்டைமேல் நகர்த்தினால், ஊசியின் வடநுனி காந்தத்தின் வடமுனையை விட்டு விலகித் தென்முனையை நோக்குவது தெரியும்.

படத்தைச் சுவரில் மாட்டவும் வழி உண்டு, அதற்கு உப்பே உதவும். அட்டைக்குப் பதில் தடித்த ஓவியத்தாள் போட்டு, காந்தத்தைப் பாலித்தீனில் சுற்றிக்கொள்ளுங்கள். கோடுகள் விழுந்ததும் இரண்டடி உயரத்திலிருந்து ஸ்பிரே பாட்டிலால் உப்புத்தண்ணீரைப் பனிபோல் இறக்குங்கள். காந்தத்தை அசைக்காமல் இரவு முழுக்க விட்டு, காய்ந்தபின் தூளைத் தட்டினால் ஆரஞ்சு நிறத் துருக்கோடுகள் தாளில் ஊறியிருக்கும். கடல் மணலில் இது வராது, ராவுதூள்தான் வேண்டும்.