கேஐ-67 சரியாக ஒளிரவில்லையா? மெஷினைத் திட்டும் முன் இதைப் பாருங்கள்

பெருகும் டி செல்களைக் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) கண்டுபிடிக்க ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் முறை) பலரும் முதலில் எடுப்பது கேஐ-67 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத்தான். செல் சுழற்சியின் ஜி1, எஸ், ஜி2, எம் கட்டங்களில் இந்தப் புரதம் இருக்கும். ஓய்வு நிலையான ஜி0-வில் இருக்காது. ஆனால் அது இருக்கும் இடம் உட்கரு. அதை மறப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சைட்டோகைனுக்கு (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்) வாங்கிய, சவ்வைத் திறக்கும் பஃபரையே இதற்கும் ஊற்றுவது பரவலான பழக்கம். அது வெளிச்சவ்வைத் திறந்தாலும், உட்கருவுக்குள் ஆன்டிபாடி நன்றாகப் போகாமல் சிக்னல் மங்கலாம். உட்கருவிலுள்ள ஃபாக்ஸ்பி3 என்ற புரதத்துக்கென்று விற்கும் பஃபர் செட் நல்லது. ஆன்டிபாடியையும் அதன் பெர்ம் பஃபரிலேயே (சவ்வைத் துளையிடும் கரைசல்) கலந்து போடுங்கள். அதில் துளையிடும் பொருளான சப்போனின் கழுவப்பட்டால் துளைகள் மூடிக்கொள்ளும். குளிர்ந்த மெத்தனாலும் உட்கருவைத் திறக்கும்தான். ஆனால் அதற்கு முன்பே செல்லின் மேற்பரப்பில் பிஇ, ஏபிசி என்ற ஒளிரும் சாயங்களைப் போட்டிருந்தால் அவை காலி.

இறந்த செல்களை ஒதுக்காமல் விடுவது என் கணக்கில் இதைவிடப் பெரிய தவறு. அவை எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொண்டு, பெருகும் செல்லைப் போலவே ஒளிரும். இதற்குக் கடைசியில், இறந்த செல்லை அடையாளம் காட்டும் சாயமான புரொப்பிடியம் அயோடைடு போட்டுப் பயனில்லை; சவ்வைத் திறந்த பிறகு அது எல்லாச் செல்லுக்குள்ளும் போய்விடும். நிலைப்படுத்திய (ஃபிக்ஸ் செய்த) பிறகும் தாங்கும், உயிருள்ளதையும் இறந்ததையும் பிரித்துக் காட்டும் உயிர்ப்புச் சாயத்தை, நிலைப்படுத்துவதற்கு முன்பே, சீரம் கலக்காத பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) போட வேண்டும். சீரம் இருந்தால் சாயம் அதிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது கேட் போடுவது, அதாவது பாசிட்டிவ் செல்லையும் நெகட்டிவ் செல்லையும் பிரிக்கும் கோடு போடுவது. கேஐ-67 பெரும்பாலும் இரண்டு தனிக் கும்பலாகப் பிரியாது, இழுத்துக்கொண்டே போகும். கோட்டைக் கண்ணளவில் போடாதீர்கள். மற்ற எல்லாச் சாயங்களும் சேர்த்து கேஐ-67 மட்டும் சேர்க்காத எஃப்எம்ஓ குழாய் ஒன்று, தூண்டப்படாத செல்கள் ஒன்று, இரண்டும் வேண்டும். ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் நேரடியாகப் பார்த்தால் டி செல்களில் சில சதவீதம்தான் பாசிட்டிவாக இருக்கும். 40 சதவீதம் வந்தால் முதலில் கோட்டைச் சந்தேகப்படுங்கள். ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்களை நீக்கினீர்களா என்றும் பாருங்கள்.

அப்புறம், கேஐ-67 பாசிட்டிவ் என்றால் செல் இந்த நிமிடம் பிரிகிறது என்று எழுதிவிடாதீர்கள். பிரிந்து முடிந்த பின்னும் இந்தப் புரதம் மெதுவாகத்தான் குறையும். எத்தனை முறை பிரிந்தது என்பதையும் இது சொல்லாது. அதற்கு ஒவ்வொரு பிரிவிலும் ஒளி பாதியாகும் சிஎஃப்எஸ்இ என்ற சாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் கேஐ-67 ஆன்டிபாடியை எஃப்ஐடிசி சாயத்தில் வாங்காதீர்கள். சிஎஃப்எஸ்இயும் எஃப்ஐடிசியும் கருவியின் ஒரே நிறச் சானலில் விழும். எஸ் கட்டம் மட்டும் போதுமென்றால், புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் சேரும் எட்யு பொருந்தும். ஆனால் அதை ஒளிர வைக்கும் கிளிக் வினைக்கான செம்பு பிஇ சாயத்தைக் கெடுக்கும். செம்பு பாதிப்பைத் தடுக்கும் கிட் இல்லையென்றால் வினை முடிந்த பிறகே பிஇ ஆன்டிபாடியைச் சேருங்கள்.