சுகர் மாத்திரை போட்டா உடம்பு அரிக்குதா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

மொதல்ல அவசரமானத சொல்லிடறேன். மாத்திரையோ ஊசியோ போட்ட கொஞ்ச நேரத்துல உதடு, நாக்கு வீங்கி மூச்சு இழுக்குது, மயக்கமா வருதுன்னா இத படிச்சிட்டு இருக்காதீங்க, ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. காய்ச்சலோட வாய்க்குள்ள புண்ணு, கண்ணெரிச்சல், தோல் உரியுறதுன்னா அடுத்த மாத்திரை போடாம ஒடனே ஆஸ்பத்திரி.

மத்தபடி வர்ற எல்லா அரிப்பும் மருந்து அலர்ஜியா இருக்கணும்னு இல்லங்க. சுகர் ஏறிக் கெடந்தாலே தோல் வறண்டு அரிக்கும். அதனால மொதல்ல மாத்திரை ஆரம்பிச்ச தேதிக்கு அப்புறம்தான் அரிப்பு வந்துச்சான்னு பாருங்க, நான் புது மாத்திரை வாங்குனா ஆரம்பிச்ச தேதிய அட்டை மேலயே பேனாவால எழுதிடுவேன். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகையில தடிப்பு வந்தா பெரும்பாலும் ஆரம்பத்துலயே வந்துடும். சில பேருக்கு வெயில் பட்ட கை, கழுத்து மட்டும் செவந்து சட்டை மூடுன எடம் சும்மா இருக்கும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

ஆனா கிளிப்டின் வகை (சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின்) வேற மாதிரி. அபூர்வமாத்தான், ஆனா மாசக்கணக்கா, ஏன் வருஷக்கணக்கா ஒழுங்கா போட்டுட்டு இருந்தவங்களுக்கே திடீர்னு அரிப்பு ஆரம்பிச்சு அப்புறம் தண்ணி கோத்த கெட்டிக் கொப்புளம் வரும், பெரும்பாலும் வயசானவங்களுக்கு. பழைய மாத்திரைதானேன்னு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, அதான் சிக்கல்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுறவங்களுக்கு அந்தரங்க எடத்துல அரிச்சா அது பெரும்பாலும் அலர்ஜி இல்ல, யூரின்ல சர்க்கரை போறதால வர்ற பூஞ்சை. வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, பெரும்பாலும் க்ரீம்லயே சரியாகும். அங்க வீக்கம், கடுமையான வலி, காய்ச்சல்னா மட்டும் அன்னிக்கே ஓடணும்.

இன்சுலின் கதைதான் பெருசு. எங்க அம்மாவுக்கு ஊசி போட்ட எடமெல்லாம் எரிஞ்சு செவக்குது, இன்சுலினே ஒத்துக்கலன்னு நிறுத்தப் பாத்தாங்க. பக்கத்துல ஒக்காந்து பாத்தா ஸ்பிரிட் தொடச்ச ஈரம் காயறதுக்குள்ள குத்துறாங்க, அதுவும் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த சூட்டோட, இல்ல, எடுத்த ஜில்லோட, ஒரே ஊசிய நாலு நாளைக்கு, தொப்புளுக்கு வலது பக்கம் அதே எடத்துல! இத மாத்துனதும் நின்னுடுச்சு. எல்லாம் சரியா செஞ்சும் ஒவ்வொரு தடவையும் தடிச்சு அரிச்சா அதுல கலக்குற மெட்டாகிரிசால், புரோட்டமின் மாதிரி சாமானா இருக்கலாம், டாக்டர் வேற இன்சுலின் மாத்தித் தருவாரு. நீங்களா நிறுத்தாதீங்க, டைப் 1 காரங்களுக்கு (உடம்புல இன்சுலினே சுரக்காதவங்க) அது உயிருக்கே ஆபத்து. சுகர் பாக்க தோல்ல சென்சார் ஒட்டுறவங்களுக்கு அந்த ஸ்டிக்கர் வடிவத்துக்கே அச்சடிச்ச மாதிரி செவந்திருந்தா குத்தம் மருந்துமேல இல்ல, பசைமேல.

டாக்டர்கிட்ட போறப்ப தடிப்ப சுத்தி பேனாவால கோடு போட்டு தெனம் போட்டோ எடுத்துட்டுப் போங்க, கோட்ட தாண்டி பரவுதான்னு தெரியும். கூடவே எடுத்த ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரையையும் காட்டுங்க, பல சமயம் அதுதான் திருடன். அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ குடுத்தா சுகர் இருக்குன்னு ஞாபகப்படுத்துங்க, எகிறிடும், அந்த நாள்ல அடிக்கடி டெஸ்ட் பண்ணணும்.

அலர்ஜின்னு உறுதியாச்சுன்னா பிராண்ட் பேர இல்ல, உள்ள இருக்குற மருந்து பேர எழுதி வாங்கி போன் கவருக்குள்ள வச்சுக்கோங்க, ஏன்னா அதே கிளிமிபிரைடு மெட்ஃபார்மினோட சேந்து வேற பேர்ல, வேற கலர் அட்டைல திரும்ப உங்க கைக்கே வந்துடும்.