வீட்ல கட்டுற பிளேன்ல வயர் கனெக்ஷன் லூஸ் ஆகாம இருக்க

அமெரிக்கால ஆர்வி (வேன்ஸ் கம்பெனி மாடல்) மாதிரி கிட் பிளேன், அதாவது பாகங்களா வாங்கி வீட்ல சேக்குற சின்ன விமானம் கட்டுறவங்க பெரும்பாலும் வயர சால்டர் (ஈயம் உருக்கி ஒட்டுறது) பண்றத விட கிரிம்ப் (வயர் நுனில டெர்மினல்ங்கிற உலோக முனைய மாட்டி நசுக்கி பிடிக்க வைக்கிறது) பண்றதுதான் அதிகம். சால்டர் தப்புன்னு இல்ல, ஆனா ஈயம் இழைக்குள்ள ஏறி கெட்டியாகுற இடம் முடியுற எடத்துல, இன்ஜின் அதிர்வுல வயர் ஒடியும், அதான் பயம்.

வயர் டெஃப்செல் (சூடு தாங்குற பிளாஸ்டிக் உறை போட்டது) வாங்குங்க. பிவிசி வேண்டாம், எரிஞ்சா வர்ற புகை காக்பிட்ல ரொம்ப மோசம்.

டெர்மினல்ல சிவப்பு கலர் 22-ல இருந்து 16 கேஜ் வயருக்கு (கேஜ் நம்பர் கூடினா வயர் மெலிசு), நீலம் 16-14, மஞ்சள் 12-10. இன்சுலேஷனையும் சேத்து பிடிக்கிற டைப்பா பாத்து வாங்குங்க, ஏன்னா அதிர்வ தாங்குறதே அந்த ரெண்டாவது பிடிதான். ஸ்ட்ரிப் பண்றப்போ ஒரு இழை வெட்டுப்பட்டாலும் அந்த நுனிய நறுக்கிட்டு மறுபடி பண்ணுங்க. கிரிம்ப் பண்ண ராட்செட் டூல் கண்டிப்பா வேணும், முழுசா அமுக்காம அது விடாது, சாதா கட்டிங் பிளேயர வச்சு நசுக்குறதெல்லாம் வீட்டு மோட்டாரோட நிக்கட்டும்.

கிரிம்ப் பண்ணதும் கையால நல்லா இழுத்துப் பாருங்க, வந்துட்டா இப்பவே வந்தது நல்லது. ஒரு ஸ்டட்ல (டெர்மினல மாட்டுற போல்ட்) நாலு டெர்மினலுக்கு மேல அடுக்காதீங்க. டெர்மினல் பக்கத்துலயே வயர கிளாம்ப் போட்டு கட்டிடுங்க.