பேச்சுவார்த்தை முடிந்த இரவே எழுதுங்கள்: ஆசிரியர் சங்க வட்டாரக் கிளைக்கு ஒரு தகவல் வழிகாட்டி

தமிழ்நாட்டில் அரசு, ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர் சங்கம் ஒன்றில் வட்டாரச் செயலாளராகப் பொறுப்பேற்பவரிடம் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கிவிடும். மாநிலத் தலைமை பேச்சுவார்த்தைக்குச் சென்றதே, என்ன ஆயிற்று என்பது ஒன்று. வந்திருக்கும் அரசாணை எனக்குப் பொருந்துமா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உரிய காலத்தில், பிழையின்றி, எழுத்து வடிவில் விடை தருவது எப்படி என்பதை, அப்பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்து கற்றுக்கொண்டவற்றிலிருந்து எழுதுகிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் தோழர்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

எழுதிவைப்பது ஏன் கட்டாயம்

அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களுக்கு ஊதிய ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட அந்த ஆவணத்தைக் காட்டி ஒரு நடத்துநர் தமக்குரியதைக் கேட்க முடியும். நமக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது. தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்று, கோவாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்ட வழக்கில், அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வந்த தீர்ப்பு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று கூறியது. ஆகவே நம்முடைய பேச்சுவார்த்தை மேசையில் அமைச்சரோ செயலாளரோ இயக்குநரோ சொல்லும் சொல், பின்னர் அரசாணையாக வெளிவந்தால்தான் உரிமையாக மாறும். அதுவரை அந்தச் சொல் சொல்லப்பட்டது என்பதற்குச் சங்கம் தன் கையால் எழுதிவைக்கும் பதிவே பெரும்பாலும் ஒரே சான்றாக இருக்கிறது.

2023 அக்டோபரில் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் 30 அம்சக் கோரிக்கைகளை முன்வைத்து நடத்திய பேச்சுவார்த்தையில் 12 கோரிக்கைகள் ஏற்கப்பட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. ஏற்கப்பட்டவற்றுக்கு ஆணை எங்கே என்று கேட்டு அதன் பின்னரும் இயக்கங்கள் போராட வேண்டியிருந்தது. எந்த நாளில், யார் முன்னிலையில், எந்த 12 கோரிக்கைகள் என்று எழுதிவைத்திருந்த கிளைகளே உறுப்பினர்களின் கேள்விக்கு நேராக விடை சொல்ல முடிந்தது.

இதில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பொறுப்பேற்ற புதிதில், ஓர் உயர் அலுவலர் நிலுவைத்தொகை விரைவில் வழங்கப்படும் என்று சொன்னதைக் கேட்டு வந்து, நிலுவை கிடைத்துவிட்டது என்று பொருள்படும்படி கிளையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி இட்டேன். அதை நம்பி, வீட்டு வேலையைத் தொடங்கக் கடன் வாங்கிய ஆசிரியை ஒருவர், ஆறு மாதம் கழித்தும் பணம் வராத நிலையில் என்னிடம் கோபப்படவில்லை. "சார், இனி நீங்க போடுறதைப் படிச்சுட்டு ஆபீஸ்ல ஒருமுறை கேட்டுக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்தான் கீழே எழுதியிருக்கும் நடைமுறைகள் அனைத்துக்கும் தொடக்கம்.

கோரிக்கை நிற்கும் படியைச் சொல்லுங்கள்

ஒரு கோரிக்கை மனுவாகக் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து உறுப்பினரின் வங்கிக் கணக்கில் பணமாக வந்து சேரும் நாள்வரை பல படிகளைக் கடக்கிறது. மனு அளிக்கப்படுகிறது, பேசப்படுகிறது, வாய்மொழியாக ஏற்கப்படுகிறது, இயக்குநரகம் அரசுக்குக் கருத்துரு (முன்மொழிவு) அனுப்புகிறது, நிதித்துறை இசைவளிக்கிறது, அரசாணை வெளியாகிறது, அதை நடைமுறைப்படுத்தச் சொல்லும் இயக்குநரின் உத்தரவான செயல்முறைகள் வருகின்றன, தேவைப்பட்டால் தெளிவுரை வருகிறது, கடைசியில் ஊதியம் பெற்று வழங்கும் அலுவலர் பட்டியல் தயாரித்துக் கருவூலத்துக்கு அனுப்புகிறார். இந்தப் படிகளின் பெயர்களையே கிளையின் எல்லாச் செய்திகளிலும் மாறாமல் பயன்படுத்த வேண்டும். கருத்துரு நிலையில் இருக்கும் ஒன்றை ஆணை நிலையில் இருப்பதுபோல் எழுதுவதே நம் சங்கங்களில் மிகுதியாக நடக்கும் பிழை என்பது என் கருத்து. ‘வெற்றி’, ‘சாதனை’ என்னும் சொற்களை அரசாணையின் எண்ணும் நாளும் கையில் கிடைக்கும்வரை எழுதுவதில்லை என்று கிளைச் செயற்குழுவில் தீர்மானமே போட்டுவிடுவது நல்லது.

பேச்சுவார்த்தை நாளில் செய்ய வேண்டியவை

வட்டாரக் கல்வி அலுவலருடன் நடக்கும் சிறிய சந்திப்பாயினும், மாவட்டக் கல்வி அலுவலருடன் நடக்கும் பேச்சாயினும், தனியாகச் செல்லக் கூடாது. ஒருவர் பேசவும் மற்றொருவர் எழுதவும் என இருவராவது செல்ல வேண்டும். எழுதுபவர் தம் கருத்தைக் கலவாமல், எந்தக் கோரிக்கைக்கு அலுவலர் எந்தச் சொற்களில் விடை சொன்னார் என்பதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். ‘பரிசீலிக்கிறேன்’ என்பதும் ‘செய்து தருகிறேன்’ என்பதும் வேறு வேறு. இரண்டையும் ‘ஒப்புக்கொண்டார்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் மூன்று மாதம் கழித்து நமக்கே குழப்பம் வரும்.

அன்றிரவே குறிப்பைச் சுற்றறிக்கையாக்கிவிட வேண்டும். மறுநாள் காலைக்குள் அதிகாரப்பூர்வமான செய்தி வராவிட்டால் அந்த இடத்தை வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள். 10 ஆண்டு பணி முடித்தவருக்கு உரிய உயர் ஊதிய நிலையான தேர்வுநிலையை எடுத்துக்காட்டாகக் கொண்டால், சுற்றறிக்கைக்கு எண்ணும் நாளும் இட்டு, இவ்வாறு சுருக்கமாக எழுதலாம்: "தேர்வுநிலை வழங்குவதில் உள்ள தாமதம் குறித்து இன்று மாவட்டக் கல்வி அலுவலருடன் பேசப்பட்டது. நிலுவையில் உள்ள கருத்துருக்களை இம்மாத இறுதிக்குள் முடிப்பதாக வாய்மொழியாகத் தெரிவித்தார். எழுத்துபூர்வமான ஆணை ஏதும் இல்லை. கருத்துரு அளித்தும் ஆணை பெறாத உறுப்பினர்கள் தம் பெயர், பள்ளி, கருத்துரு அளித்த நாள் ஆகியவற்றை வெள்ளிக்கிழமைக்குள் கிளைச் செயலாளரிடம் தர வேண்டும்." பேசியது, கிடைத்த விடை, நிற்கும் படி, உறுப்பினர் செய்ய வேண்டியது ஆகிய நான்கும் இதில் இருக்கின்றன. அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்றால் அதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். இல்லையென்றால் 50 பேர் அதையே தொலைபேசியில் கேட்பார்கள்.

மறுநாள் செய்ய வேண்டிய மற்றொரு வேலையைப் பல கிளைகள் விட்டுவிடுகின்றன. சந்திப்பில் தெரிவிக்கப்பட்டவற்றை வரிசைப்படுத்தி, நன்றி தெரிவிக்கும் கடிதமாக அதே அலுவலருக்கு எழுதி, அலுவலகத் தபாலில் கொடுத்து, நகலில் முத்திரையும் கையொப்பமும் பெற்றுக்கொள்ள வேண்டும். அலுவலர் அதை மறுத்து எழுதவில்லை என்றால் அந்த நகலுக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. அவர் மாறுதலில் சென்று புதியவர் வரும்போது, பேச்சை முதலிலிருந்து தொடங்காமல் இருக்க அந்த ஒரு தாள் உதவுகிறது.

அரசாணையைப் படித்துச் சொல்லுதல்

அரசாணை வந்தவுடன் அதன் படத்தை அப்படியே குழுவில் அனுப்பிவிடுவது தகவல் சொல்வதாகாது. முதலில் எண், துறை, நாள் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். இயக்குநரின் செயல்முறைகளாயின் ந.க. எண்ணையும் (அலுவலகக் கோப்பு எண்) கையொப்பத்தையும் பார்க்க வேண்டும். அடுத்து, ஆணை எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்று தேட வேண்டும். ஊதிய நிர்ணயம் கருத்தியலாக, அதாவது கணக்கில் மட்டும், ஒரு நாளிலிருந்தும் பணப்பயன் வேறொரு நாளிலிருந்தும் வழங்கப்படும் ஆணைகள் உண்டு. இவ்விரு நாள்களையும் பிரித்துச் சொல்லாவிட்டால், வராத நிலுவையை உறுப்பினர் எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

ஒரு நாளின் கனம் எவ்வளவு என்பதை இடைநிலை ஆசிரியர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. 2009 ஜூன் 1-க்கு முன் பணியேற்றவருக்கும் அன்றோ அதற்குப் பின்னரோ பணியேற்றவருக்கும், ஒரே கல்வித் தகுதி, ஒரே வேலை என்றிருந்தும், அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும் 5,200 ரூபாய் என்றும் பிரிந்து, அந்த 3,170 ரூபாய் வேறுபாடே ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்னும் நீண்ட போராட்டமாயிற்று. உயர்கல்வித் தகுதிக்கான முன் ஊதிய உயர்வுகளை நிறுத்திய 2020 மார்ச் 10 நாளிட்ட அரசாணை எண் 37 வந்தபோதும், அந்நாளுக்கு முன்பே பட்டம் பெற்றிருந்தவர்கள் கேட்டது நாளைப் பற்றிய கேள்வியைத்தான். எனவே சுற்றறிக்கையில் ‘யாருக்குப் பொருந்தும்’ என்பதோடு ‘யாருக்குப் பொருந்தாது’ என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். பொருந்தாதவர்கள் அதைச் சங்கத்தின் வாயிலாக முதலில் அறிந்துகொள்வதுதான் மரியாதை.

பயன்களைப் பணிக்காலத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்

திட்டங்களின் பட்டியலை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தம் பணிக்காலத்தில் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையே உறுப்பினர் தேடுகிறார். புதிதாகப் பணியேற்றவருக்குப் பணிப்பதிவேட்டின் முதல் பக்கப் பதிவுகளும், வாரிசுதாரர் பெயரைப் பதிவதும், ஓய்வூதியக் கணக்கு எண்ணும் முதன்மையானவை. 10 ஆண்டு முடிப்பவருக்குத் தேர்வுநிலையும் 20 ஆண்டு முடிப்பவருக்கு அதற்கு அடுத்த ஊதிய நிலையான சிறப்புநிலையும் உரிய காலத்தில் நினைவூட்டப்பட வேண்டும். மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 12 மாதமாக உயர்த்தப்பட்டதை அறிந்தவர்களுக்கும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை தெரிவதில்லை. கிளைப் பதிவேட்டில் உறுப்பினர்கள் பணியேற்ற நாள்களைக் குறித்துவைத்தால், எந்த மாதத்தில் யாருக்கு எதை நினைவூட்ட வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை சற்று நின்று விளக்க வேண்டும். 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பணியேற்றவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு பிடிக்கப்பட்டு, அதே அளவு தொகையை அரசும் செலுத்துவது அத்திட்டத்தின் அமைப்பு. இதைச் சொல்லும்போது கணக்கோடு சொல்லுங்கள்: அடிப்படை ஊதியம் 40,000 ரூபாய், அகவிலைப்படி 58 விழுக்காடு என்று கொண்டால் அகவிலைப்படி 23,200 ரூபாய், கூட்டுத்தொகை 63,200 ரூபாய், பிடித்தம் 6,320 ரூபாய். இந்தத் தொகை தம் ஊதியச் சீட்டில் இருக்கிறதா, ஆண்டுக் கணக்கீட்டுத்தாளில் 12 மாதமும் வரவாகியிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் சரிபார்க்கச் செய்ய வேண்டும். மாறுதலில் ஒன்றியம் விட்டு ஒன்றியம் சென்றவர்களின் கணக்கில் விடுபட்ட மாதங்கள் இருக்க வாய்ப்பு மிகுதி. அவற்றைப் பணிக்காலத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு கடிதத்தில் முடியும். ஓய்வுபெற்ற பின் கண்டுபிடித்தால் அலைச்சல்தான். ஓய்வூதியத் திட்டங்களை ஆராய 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் 3 பேர் குழு அமைக்கப்பட்டதுபோன்ற செய்திகள் வரும்போது, குழு அமைவது ஆணை ஆகாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில் உறுப்பினருக்குத் தகவல் தேவைப்படுவது நள்ளிரவில், மருத்துவமனை வாசலில். ஆகவே திட்டத்தில் இணைந்துள்ள மாவட்ட மருத்துவமனைகளின் பட்டியலையும், காப்பீட்டு நிறுவனத்தின் மாவட்டப் பொறுப்பாளர் எண்ணையும் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளியிலும் ஒட்டிவையுங்கள்.

வதந்திக்கு முன் சென்று நிற்றல்

2025 செப்டம்பர் 1 அன்று ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மாலையிலேயே, எல்லா ஆசிரியர்களுக்கும் வேலை போய்விடும் என்ற குரல் பதிவுகள் பரவின. பணியில் 5 ஆண்டுக்கு மேல் எஞ்சியிருப்போர் 2 ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். 5 ஆண்டுக்குக் குறைவாக உள்ளோர் தேர்ச்சியின்றித் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு பெற இயலாது என்பதே அதன் சாரம். செய்தி கசப்பானதுதான். ஆயினும் இந்த 2 வரிகளை அன்றே எழுதிய கிளைகளில் அச்சம் ஓரளவு அடங்கியது. எண்ணும் நாளும் இல்லாத எதையும் பகிர்வதில்லை என்பதையும், தவறாகச் சொன்னதை நீக்கிவிட்டு மௌனமாக இருக்காமல் ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு மீண்டும் வெளியிடுவது என்பதையும் கிளை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பொறுப்பாளர்கள் மட்டும் பதிவிடக்கூடிய வாட்ஸ்அப் குழு ஒன்றும், கலந்துரையாட வேறொன்றும் வைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்களின் கணக்கு எண், ஊதியச் சீட்டு, மருத்துவ விவரம் ஆகியவற்றை இரண்டிலும் இடக் கூடாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 நம் அனைவரையும் கட்டுப்படுத்துவதால், அலுவலர் எவரையும் பெயர் சொல்லி ஏசும் பதிவு, அதை எழுதிய உறுப்பினரையே முதலில் பாதிக்கும்.

மலைப்பகுதியிலும் ஈராசிரியர் பள்ளிகளிலும் இருப்பவர்களுக்கு இணையம் எப்போதும் எட்டாது. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு அவர்கள் வரும் நாளில், உணவு இடைவேளையில் அச்சிட்ட சுற்றறிக்கையை நேரில் கொடுத்து 10 நிமிடம் பேசுவது, நூறு பதிவுகளைவிடப் பயன்தரும்.

போராட்டத்துக்கு முன் சொல்ல வேண்டியவை

வேலைநிறுத்தத்துக்கு அழைக்கும்போது, கோரிக்கையின் நியாயத்தைப் போலவே அதன் விளைவுகளையும் முன்கூட்டிச் சொல்வது சங்கத்தின் கடமை. 2019 ஜனவரி 22 அன்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 9 அம்சக் கோரிக்கைகளுக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தம் அதே மாதம் 30 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. அதில் பங்கேற்றவர்களுக்கு அளிக்கப்பட்ட 17(ஆ) குறிப்பாணைகள் (ஒழுங்கு நடவடிக்கை விதியின்கீழ் வரும் குற்றச்சாட்டுக் குறிப்புகள்) மீதான நடவடிக்கை 2021 பிப்ரவரியில்தான் கைவிடப்பட்டது. இடைப்பட்ட 2 ஆண்டுகளில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோதெல்லாம் தம் பெயர் இருக்குமா என்று கவலைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊதியப் பிடித்தம், குறிப்பாணை, அதற்கு விடையளிக்கும் முறை, சங்கம் தரும் சட்ட உதவி ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, அதைப் படித்த பிறகு கலந்துகொள்ள முடிவெடுத்தவரே கடைசிவரை உறுதியாக நின்றார்.

சுற்றறிக்கைகள், முத்திரை பெற்ற கடித நகல்கள், உறுப்பினர்களின் கேள்விகளைக் குறித்த பதிவேடு ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கோப்பிட்டு, கிளைத் தேர்தல் முடிந்ததும் புதிய செயலாளரிடம் பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள். நிலுவையில் நிற்கும் ஒவ்வொரு கோரிக்கையும் எந்தப் படியில் நிற்கிறது என்பதை அப்பட்டியலின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.