இழுவைக்காக டர்போ மாற்றிய அனுபவம்

கலிபோர்னியாவின் கிரேப்வைன் ஏற்றத்தில் டிரெய்லரை இழுக்கும்போது என் 1993 மாடல் பிக்கப் கரும்புகை கக்கும். எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டரின் முள் 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின் அருமையானது, அதை விட மனமில்லை. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போதான் பிரச்சினை. பழைய டர்போவில் வேஸ்ட்கேட் (மிஞ்சிய எக்ஸாஸ்ட் வாயுவை விலக்கிவிடும் வால்வு) கிடையாது, எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் சக்கரத்தின் உறையும் பெரிது. குறைந்த ஆர்பிஎம்மில் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்தது. வேஸ்ட்கேட் உள்ள ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போ வாங்கி மாட்டினேன். உறை சிறிது என்பதால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், சீக்கிரம் ஏறும். மிஞ்சினால் வேஸ்ட்கேட் திறந்துவிடும்.

ஆயில் விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. டர்போவின் ஆயில் துவாரத்தில் புது ஆயிலை ஊற்றி, விரலால் அதன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, வடிகுழாய்க்குப் புது கேஸ்கெட் போட்ட பிறகே ஸ்டார்ட் செய்தேன். வறண்டு ஓடினால் பேரிங் போய்விடும்.

இப்போது அதே ஏற்றத்தில் முள் 1,200க்குக் கீழேயே நிற்கிறது. அடுத்து எக்ஸாஸ்ட் குழாயை 4 அங்குலமாக்க வேண்டும்.