ரீஃப் டேங்க்ல மணல் பறந்த கதை

பவளம் வளக்குற என் கடல்தண்ணி தொட்டில (ரீஃப் டேங்க்) பாக்க அழகா இருக்கேன்னு சர்க்கரை மாதிரி நைஸான அரகோனைட் (ஒரு வகை சுண்ணாம்புக் கனிமம்) மணல் போட்டேன், தண்ணிய ஓட்டி அலை உண்டாக்குற பம்ப், அதான் வேவ்மேக்கர், அத ஆன் பண்ணதும் ஒரே புயல்தான், பவளம் மேலெல்லாம் மணல், ஒரு மூலைல அடிக்கண்ணாடியே தெரியுது. வேகத்த குறைச்சா பவளத்துக்கு ஓட்டம் பத்தல. கடைசில மணலயே மாத்திட்டேன், 1–2 மி.மீ. சைஸ், அதுவும் அரகோனைட்தான். ஒரே நாள்ல மொத்தமா கிளறினா அடில தேங்கின அழுக்கு கிளம்பி மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறிடும்னு பயம், அதனால வாரம் ஒரு பகுதியா தண்ணி மாத்துறப்பவே ட்யூப் வச்சு உறிஞ்சி எடுத்தேன். புது மணல நல்லா அலசி, பிவிசி பைப் வழியா மெதுவா இறக்கினேன். எனக்கு 3 செ.மீ. ஆழம் போதும், மணல்ல புதையுற ராஸ் மீன் வச்சிருந்தா இன்னும் கொஞ்சம் வேணும். இப்ப வேவ்மேக்கர் முழு வேகத்துல ஓடுது, மணல் அசையல.