வயலின் விரிசலை ஒட்டத் தெரிந்தவர்கள் செய்யும் தவறுகள்

எபாக்ஸி ஊற்றாதீர்கள், நான்கு தந்திகளையும் ஒருசேரக் கழற்றாதீர்கள், ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள் என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. வயலின் பழுதுபார்க்க ஆசைப்பட்டு உட்காரும் எவரும் முதல் வாரத்திலேயே அவற்றைக் கேட்டுவிடுகிறார்கள். என் கவலை அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசையான வஜ்ஜிரம் காய்ச்சத் தெரியும், கிளாம்ப் பிடிக்கத் தெரியும், கையும் ஓரளவு நிதானப்பட்டுவிட்டது. பெரிய சேதங்கள் அப்போதுதான் நடக்கின்றன. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே குழியில் விழுகிறார்கள். நானும் விழுந்து எழுந்த குழிதான் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஒட்டிய பிறகு தேய்த்துச் சமன் செய்வது

மேல் பலகையில், 'f' எழுத்து வடிவில் வெட்டியிருக்கும் எஃப் துளையின் கீழ் முனையிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் விரிசல் அடிக்கடி வருகிற ஒன்று. மேல் பலகையின் ஸ்புரூஸ் மரம் ரேகை வாக்கில் எளிதில் பிளக்கும். வறண்ட காற்றோ லேசான அடியோ போதும். புதியவர் அதை ஒட்டுகிறார். மறுநாள் கிளாம்பைக் கழற்றி விரலால் தடவிப் பார்க்கிறார். விரிசலின் ஒரு கரை மறு கரையைவிட மயிரிழை உயர்ந்திருக்கிறது. குறுக்கே நகத்தை இழுத்தால் 'டிக்' என்று தட்டுகிறது. உடனே கை உப்புத்தாளைத் தேடுகிறது.

இத்தனை வருடமாகியும் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். வயலினின் வார்னிஷ் படலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. நகம் தட்டுகிற அந்தப் படியும் ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான். எனவே படியைத் தேய்த்துச் சமமாக்கினால் உயர்ந்த கரையில் வார்னிஷ் முழுவதும் போகும். அதன் அடியில் காலம் ஏற ஏறப் பழுத்து நிறம் மாறியிருக்கும் மரத்தின் மேல்தோலும் கூடவே போகும். படி இன்னும் சற்றுப் பெரியதென்றால் பலகையின் கனமே குறையும். மேல் பலகையின் கனம் பொதுவாக இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர்தான். அதில் கால் மில்லிமீட்டரை இழப்பது சின்ன விஷயமா?

சேதம் அதோடு நிற்பதும் இல்லை. தேய்த்த இடத்தில் வெளிறிய மரம் விரல் அகலத்துக்குத் தெரிகிறது. அதை மறைக்கச் சாயம் தடவுகிறார்கள். ஸ்புரூஸின் ரேகைகளுக்கு நடுவே உள்ள மென்மரம் சாயத்தை மடமடவென்று குடித்துவிடும். வெளிறிய பட்டை கறுத்த பட்டையாகிறது. கறுப்பு தனியாகத் தெரியாமலிருக்கப் பக்கத்து வார்னிஷையும் கொஞ்சம் தேய்க்கிறார்கள். பட்டை இரண்டு விரல் அகலமாகிறது. கடைசியில் வேறு வழியில்லாமல் முழுப் பலகைக்கும் ஒரு பூச்சு. மயிரிழைப் படி ஒன்றுக்காக நூறு வருடத்து மேற்பரப்பைக் காவு கொடுத்தாகிவிட்டது.

ஒருமுறை ஒருவர் தாம் சரிசெய்த பழைய ஜெர்மன் பட்டறை வயலின் ஒன்றைக் காட்ட எடுத்து வந்தார். வால்பக்கத்துக் குமிழைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியே உள்ளே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உள்வேலை உண்மையிலேயே அழகு. விரிசலின் மேல் வரிசையாகத் தாங்கு துண்டுகள், நான்கு பக்கமும் சரித்துச் சீவியவை, ஒரு சொட்டு வஜ்ஜிரம்கூட வழிந்திருக்கவில்லை. வெளியே திருப்பினால், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே தொடங்கி விளிம்பு வரை மங்கலாக ஒரு பாதை போகிறது. "வஜ்ஜிரத்தால்தான் ஒட்டினேன்" என்றார் பெருமையோடு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வஜ்ஜிரத்தால் ஒட்டியிருந்தால் ஏன் ஐயா தேய்த்தீர்கள்? வெந்நீர் வைத்துத் திறந்து மறுபடி ஒட்டியிருக்கலாமே!

வஜ்ஜிரம் பிடிவாதமாகப் பிடிக்கும். ஈரமும் சூடும் சேர்ந்து பட்டால் விட்டுக்கொடுக்கும். வயலின்காரர்கள் வேறு பசையைத் தொடாமல் இருப்பதற்கு இந்த இரண்டாவது குணம்தான் பெரிய காரணம். 17, 18ஆம் நூற்றாண்டுகளின் இத்தாலிய வயலின்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று இருப்பது அவற்றைச் செய்தவர்கள் வைத்த கழுத்தும், மேல் பலகையின் உள்பக்கம் நீளவாக்கில் ஒட்டும் சட்டமான பேஸ் பாரும் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டு நெடுகிலும் அவற்றைத் திறந்து, கழுத்தை மாற்றி, கனமான பேஸ் பார் வைத்து மூடினார்கள். இத்தனை முறை திறந்தும் அந்த வயலின்கள் இன்றும் மேடையில் ஒலிக்கின்றன. போன வார்னிஷ் மட்டும் திரும்பவே இல்லை. ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்த 'மெசையா' வயலினை ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதற்கு இவ்வளவு மதிப்பு வரக் காரணம், அதிகம் வாசிக்கப்படாமல் மேற்பரப்பு ஏறத்தாழப் புதிது போலத் தங்கிவிட்டதுதான்.

சரி, படி ஏன் வருகிறது? பெரும்பாலும் விரிசலுக்குள் இருக்கும் அழுக்கால். வில்லில் பூசும் பிசினான ரோசினின் தூள், வியர்வை, முன்பு யாரோ விட்ட பசை எல்லாம் உள்ளே இறுகிக் கிடக்கும். கரைகள் தம் பழைய இடத்துக்குத் திரும்ப வழி இருக்காது. வெதுவெதுப்பான நீரை மென்தூரிகையால் விட்டு, மறுபக்கம் உறிஞ்சுதாள் வைத்து இழுங்கள். முதலில் வார்னிஷ் அந்த நீரைத் தாங்குகிறதா என்று ஓர் ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தாள் பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். பிறகு நன்றாக உலர விடுங்கள். ஈர மரம் உப்பியிருக்கும். அந்த நிலையில் சமமாகத் தெரிவது உலர்ந்ததும் மாறிவிடும்.

அடுத்தது ஒத்திகை. பசையே இல்லாமல் எல்லாக் கிளாம்புகளையும் மாட்டி விரிசலை மூடிப் பாருங்கள். இதைத் தவிர்ப்பவர்களே அதிகம். விளக்கைப் பலகைக்கு மிகத் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடித்தால், படி இருக்கும் இடத்தில் நிழல் ஒரு கோடாக விழும். பக்கவாட்டில் அழுத்தும் கிளாம்ப் அளவுக்கு மேல் இறுகினால் ஒரு கரை மேலே எழும்பிவிடும், இறுக்கத்தைக் குறையுங்கள். எழும்பிய இடத்தில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகச் சிறு காந்தங்களை, அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் துண்டும் கொடுத்து வைத்தால், அழுத்தத்தின் அடியில் நடப்பதும் கண்ணுக்குத் தெரியும். நகம் தட்டாமல் வழுக்கிப் போகும்வரை ஒத்திகை முடியவில்லை என்று பொருள்.

அதன் பிறகே வஜ்ஜிரம். 60 டிகிரி செல்சியஸ் அளவில், நீர்க்கக் கரைத்ததாக. கொதிக்க விட்டால் பலம் போய்விடும். மரத்தையும் லேசாகச் சூடாக்குங்கள். உள்பக்கத்திலிருந்து விரலால் மெல்ல அழுத்தி அழுத்தி விட்டால் விரிசல் திறந்து மூடிப் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபக்கம் முத்து முத்தாக எட்டிப் பார்க்கும். மாட்டியதும், பசை கூழாக இருக்கும்போதே, மறுபடி நகத்தால் சோதியுங்கள். அப்போது தவறவிட்டு மறுநாள் படி தெரிந்தால் திறந்து, கழுவி, மீண்டும் ஒட்டுங்கள். ஒரு நாள் வீண்தான். பரவாயில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் வார்னிஷ் உதிர்ந்த பள்ளம் ஒரு கோடாக மிஞ்சலாம். நிறமில்லாத வார்னிஷை அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் துளித்துளியாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, நிரப்புங்கள். சமன் செய்ய வேண்டியது அந்த நிரப்பலை மட்டுமே; இரு கரைகளையும் தொடக்கூடாது. நிறத்தை நாலைந்து மயிர்த் தூரிகையால் மேலே வையுங்கள், வேண்டியதைவிட ஒரு படி குறைவாகவே நிறுத்துங்கள். கரை தாண்டிப் பூசினால் புற ஊதா விளக்கின் கீழ் பழைய வார்னிஷும் உங்கள் பூச்சும் வெவ்வேறாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

தாங்கு துண்டுகளைத் தாராளமாக ஒட்டுவது

விரிசலின் உள்பக்கம் குறுக்கே ஒட்டும் ஸ்புரூஸ் துண்டுகளைச் சொல்கிறேன். விரிசலைப் பிடித்து நிறுத்துவது பசைதான், துண்டுகள் துணைக்கு. இது புரியாதவர்கள் கனமான துண்டுகளை நெருக்கமாக ஒட்டித் தள்ளுகிறார்கள். மெல்லிய பலகையில் திடீரென்று ஒரு கெட்டியான இடம் முளைத்தால், அது முடிகிற எல்லையில் அழுத்தம் சேரும். எல்லாத் துண்டுகளின் முனைகளும் ஒரே ரேகையில் முடிந்தால் அடுத்த விரிசலுக்கு நீங்களே கோடு போட்டுக் கொடுத்ததாகும். மெல்லியதாகச் சீவுங்கள், ஓரங்களை ஒன்றுமில்லாமல் சரியுங்கள், சற்றே சாய்த்து, முனைகளை முன்பின்னாக வையுங்கள். தேவையா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தேவையில்லை.

உள்ளே 'ஸ்ட்ராடிவாரியஸ்' சீட்டு

உள்ளே ஒட்டியிருக்கும் அந்தப் பெயர்ச்சீட்டை நம்ப வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம்.

மேல் பலகையை அவசரமாகத் திறப்பது

மேல் பலகையைப் பக்கப் பட்டைகளோடு ஒட்டும் வஜ்ஜிரம் வேண்டுமென்றே நீர்த்ததாகப் போடப்படுவது. மரம் சுருங்கும்போது பலகை பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுவிட வேண்டும் என்பதற்காக. எனவே மழுங்கிய மெல்லிய கத்தி தானாகவே நகர வேண்டும். நகராத இடத்தில் யாரோ வெள்ளைப் பசையோ கெட்டி வஜ்ஜிரமோ போட்டிருக்கிறார்கள். அங்கே பலத்தைக் காட்டினால் ஸ்புரூஸ் நார் நாராகக் கிழிந்து பட்டையோடு தங்கிவிடும். நிறுத்துங்கள். எதிர்த்திசையிலிருந்து வாருங்கள். கத்தி ரேகைக்குள் இறங்குகிறதா என்பது கையில் தெரியும் முன்பே காதில் கேட்கும். சத்தம் மாறினால் கையை எடுத்துவிடுங்கள்.

திறக்காமலே முடியும் வேலைக்குத் திறப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது! உள்ளே பார்க்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. சிறு கண்ணாடியும் விளக்கும் எதற்கு இருக்கின்றன?

சத்தம் போதவில்லை என்று சவுண்ட் போஸ்ட்டை இறுக்குவது

குதிரையின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால், மேல் பலகைக்கும் பின் பலகைக்கும் நடுவே, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் பருமனில் நிற்கும் ஸ்புரூஸ் தூண் இது. பசை கிடையாது, பொருந்தி நிற்பதுதான். அதைக் கொஞ்சம் நீளமாக வெட்டி இறுக்கி நிறுத்தினால் முதல் நாள் சத்தம் பளிச்சென்று எழும். வாசிப்பவர் மகிழ்வார். சில மாதங்களில் மேல் பலகை அந்த இடத்தில் உள்ளிருந்து புடைக்கும், பிறகு பிளக்கும். பின் பலகையில் போஸ்ட் நிற்கும் இடத்தில் விரிசல் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். வயலினின் மதிப்பை ஒரே அடியில் சாய்த்துவிடும் காயங்களில் அதுவும் ஒன்று. அதைச் சீர்செய்ய உள்ளே மரத்தைக் குடைந்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

தந்திகள் தளர்ந்த நிலையில் போஸ்ட் விழாமல் நின்றால் போதும். அதற்கு மேல் இறுக்கம் வேண்டாம். இரு முனைகளும் பலகையின் உள்வளைவுக்கு ஏற்பச் சரிவாக வெட்டப்பட்டு, முழு முகமும் படிய வேண்டும். ஒரு ஓரம் மட்டும் தொட்டால் அந்த ஓரமே உளியாகப் பதியும். வால்பக்கத் துளை வழியே ஒளி விட்டுப் பாருங்கள்: முனைக்கும் பலகைக்கும் இடையே வெளிச்சக் கீற்று தெரிந்தால் வெளியே எடுத்து மறுபடி வெட்ட வேண்டியதுதான். கரைகளைச் சிதைக்காமல் எஃப் துளை வழியாக எடுப்பது தனிக் கலை. பழைய வயலின்களில் அந்தத் துளையின் விளிம்பு நொறுங்கியிருப்பதெல்லாம் பொறுமையிழந்த கைகளின் வேலை.

வழுக்கும் பிருடைக்கு ரீமர்

தந்தியை முறுக்கும் முளையான பிருடை நிற்கவில்லை என்றதும், துளையை அகலமாக்கும் கருவியான ரீமரால் குடைவது ஒரு வியாதியாகிவிட்டது. பிருடை 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறுகும் கணக்கில் கடையப்படுகிறது. முதலில் பிருடை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் அது தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். அதைச் சீவிச் சரிசெய்தால் துளையைத் தொடவே வேண்டாம். குடைந்த மரம் திரும்ப வராது. துளை அகன்று பிருடை உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ஒரு நாள் துளையை அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டிவரும்.

வேலை முடிந்ததும் முழுவதும் பாலிஷ்

கூடாது. வந்தவர் பளபளப்பு கேட்டால் மென்துணியால் ரோசின் தூளைத் துடைத்துக் கொடுத்து அனுப்புங்கள்.